வருசம் திரும்பும் முன்னே

அப்பா,

ஊறுகாய் பாட்டிலைச் சுற்றுவதற்கு அம்மாவுக்கு வீட்டில் வேறு துணியே கிடைக்கவில்லை போலிருக்கிறது. பெட்டியின் எடையைக் குறைக்கலாம் என்று ஒவ்வொன்றாக வெளியே எடுத்தால், நார்த்தங்காய் பாட்டிலின் மேல் உங்கள் காக்கிச் சட்டை. துவைத்துத் துவைத்து வெளுத்த சட்டைதான். ஆனாலும் லேத்துப் பட்டறையின் ஆயில் வாசனை அதை விட்டுப் போகவில்லை. அந்த வாசனை மூக்கில் ஏறியதும் எனக்கு அழுகை வரவில்லை, எரிச்சல்தான் வந்தது. எதற்கு இதை வைத்தாய் என்று அம்மாவிடம் கேட்டேன். தடிமனான துணி, பாட்டில் உடையாது என்றாள். சட்டையை உருவிக் கட்டிலில் எறிந்துவிட்டு என்னுடைய பழைய நைட்டி ஒன்றைச் சுற்றி வைத்தேன்.

அடுத்த வாரம் ஜெர்மனிக்குப் போகிறேன். அங்கே ஒரு பல்கலைக்கழகத்தின் உலோக ஆய்வுக்கூடத்தில் ஆறு மாதம் இன்டர்ன்ஷிப். இது உங்களுக்குப் புதுச் செய்தி இல்லை. முதல் தடவை கிடைத்தபோது அதைக் கெடுத்தவரே நீங்கள்தானே. இரண்டாம் தடவை, செத்த பிறகும் கெடுக்கப் பார்த்தீர்கள். போனவர்களைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை பேச வேண்டும் என்று வீட்டுக்கு வருகிற எல்லோரும் எனக்குச் சொல்லித் தருகிறார்கள். அவர்கள் பேசட்டும். எனக்கு உங்களோடு வேறு கணக்கு இருக்கிறது. மரியாதை குறையாமல் நீங்கள், வாருங்கள் என்று சொல்லியே திட்டுகிறேன், கேட்டுக்கொள்ளுங்கள்.

படிக்க வைத்தது நீங்கள்தான். அதை மறைக்கவில்லை. சிஸ்டர்கள் நடத்தும் பள்ளிக்கூடத்தில்தான் என் மகள் படிப்பாள் என்று அடம்பிடித்துச் சேர்த்தீர்கள். அவனியாபுரத்திலிருந்து என்னை மொபெட்டில் ஏற்றிக்கொண்டு போய் பஸ் ஸ்டாப்பில் விட்டுவிட்டு, பஸ் கிளம்பும் வரை வண்டியை நிறுத்திப் பார்த்துக்கொண்டே நிற்பீர்கள். சின்ன வயதில் அதைப் பாசம் என்று நினைத்துக் கை காட்டினேன். கல்லூரிக்குப் போகும்போதும் நின்றீர்கள். அப்போதுதான் தெரிந்தது, பக்கத்து சீட்டில் யார் உட்காருகிறார்கள் என்று பார்க்கத்தான் அந்த நிற்றல். பாசமும் கொஞ்சம் இருந்திருக்கலாம். பிரித்தெடுக்க என்னால் ஆகவில்லை, எனக்கு அதற்குப் பொறுமையும் இல்லை.

டவுன் பஸ் போகிற தூரம் வரைக்கும்தான் உங்கள் தாராளம். மெட்ராஸ் என்று சொன்னாலே உங்கள் முகம் மாறும். மாட்டேன் என்று சொல்ல மாட்டீர்கள், "பாப்பம்" என்பீர்கள். நீங்கள் பாப்பம் என்று சொன்ன ஒரு காரியமும் நடந்ததாக எனக்கு நினைவில்லை. பள்ளிக்கூடத்தில் ஊட்டி டூர், பாப்பம். சென்னையில் மேற்படிப்பு, பாப்பம். சரி, மதுரையிலேயே எம்.டெக். படிக்கிறேன் என்று இறங்கி வந்தேன். அப்போது மட்டும் பட்டறைக்கு வருகிறவர்களிடமெல்லாம் எம்மக எம்.டெக். என்று நெஞ்சை நிமிர்த்தினீர்கள்.

முதல் வருடம் முடிகிற நேரத்தில் நான் இன்டர்ன்ஷிப் கேட்டு எழுதியிருந்த ஜெர்மன் பேராசிரியரின் பதில் வந்தது. வா என்றார். நான் படித்துவிட்டு வீட்டுக்குள் குதித்த குதியில் அம்மா பயந்து அடுப்பை அணைத்துவிட்டு ஓடி வந்தாள். நீங்கள் மத்தியானச் சாப்பாட்டில் இருந்தீர்கள். ரசத்தை ஊற்றிப் பிசைந்தபடி, பாப்பம் என்றீர்கள்.

பாஸ்போர்ட்டுக்கு விண்ணப்பித்தேன். போலீஸ் ஸ்டேஷனிலிருந்து ஒருவர் வீட்டுக்கு வந்து, இந்தப் பெண் இங்கேதான் இருக்கிறாளா என்று விசாரித்துவிட்டுப் போவார், அவ்வளவுதான் வேலை. அவர் வந்த அன்று நான் கல்லூரியில். அம்மா ரேஷன் கடையில். நீங்கள் சாப்பிட வந்திருந்தீர்கள். பிறகு வாரக்கணக்கில் பாஸ்போர்ட் வரவில்லை. என்னவென்று கேட்க ஸ்டேஷனுக்குப் போனேன். அந்தப் போலீஸ்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டுச் சொன்னார்.

"நீ அந்த வீட்ல இல்லன்னு ஒங்கப்பாதானம்மா சொன்னாரு. வெளியூர்ல இருக்கு, எப்ப வரும்னு தெரியாதுன்னாரு. நல்ல மனுசன், டீ எல்லாம் வாங்கிக் குடுத்தாரு."

டீ வாங்கிக் கொடுத்தீர்களாம். வாசல் கொடியில் என் சுடிதார் காய்ந்துகொண்டிருக்க, அதற்குக் கீழே நின்றுகொண்டு, அவள் இங்கே இல்லை என்று சொல்லியிருக்கிறீர்கள். பஸ்ஸில் திரும்பி வந்தேன். பொய்யாக இருக்கும், யாரோ பக்கத்து வீட்டுக்காரர் சொல்லியிருப்பார், போலீஸ்காரர் ஆளை மாற்றிச் சொல்கிறார் என்று வழியெல்லாம் உங்களுக்காக வாதாடிக்கொண்டு வந்தேன். அந்த ஒரு பஸ் பயணத்துக்காகவே உங்களை மன்னிக்கக் கூடாது என்று இப்போதும் தோன்றுகிறது.

பட்டறைக்கே நேராக வந்தேன். லேத்தை நிறுத்தாமலே என்னைப் பார்த்தீர்கள். கேட்டேன். கொஞ்சமாவது தடுமாறுவீர்கள் என்று எதிர்பார்த்தேன்.

"ஆமா, நாந்தேன் சொன்னேன். இப்ப என்னங்குற?"

 பொய் சொல்லியிருந்தாலாவது சண்டை போட்டிருப்பேன். மேலே ஒரு விமானம் தாழ்ந்து போனது. நம் பட்டறைக்கு மேலே அது தினமும் போகிறதுதான். நீங்கள் அண்ணாந்துகூடப் பார்க்கவில்லை. நாலு பேர் கேட்டால் என்ன சொல்வது என்று மட்டும் சொல்லிவிட்டு வேலையைப் பார்த்தீர்கள். யார் அந்த நாலு பேர்? ஒருவன் பெயரையாவது சொல்லுங்கள் என்று அன்றைக்குக் கேட்காமல் விட்டுவிட்டேன்.

இடம் வேறு ஒரு மாணவனுக்குப் போனது. நான் உங்களோடு பேசுவதை நிறுத்தினேன். நீங்கள் என்ன செய்தீர்கள்? ஞாயிற்றுக்கிழமை தோறும் பருத்திப்பால் வாங்கி வந்து என் மேசையில் வைத்தீர்கள். ஒரு வார்த்தை இல்லை. தப்புதான் என்று சொல்ல வேண்டிய இடத்தில் தூக்குச் சட்டியில் பருத்திப்பால். எத்தனையோ ஞாயிறு அதை அப்படியே கொண்டுபோய் வாஷ்பேசினில் ஊற்றினேன். அதற்காக எனக்கு இன்றும் வருத்தம் இல்லை. சுக்கு தூக்கலாக, எனக்குப் பிடித்த மாதிரியே கேட்டு வாங்கி வருவீர்கள் என்பதுதான் கூடுதல் ஆத்திரம்.

பாஸ்போர்ட்டுக்கு மறுபடி எழுதிப் போட்டேன். அந்த முறை விசாரிக்க ஆள் வரும் நாட்களில் அம்மா வாசலை விட்டு நகரவில்லை. பூ கட்டுகிற சாக்கில், வெங்காயம் உரிக்கிற சாக்கில், கேட்டுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். உங்களிடம் எதிர்த்து ஒரு சொல் பேசியவள் இல்லை. ஆனால் நீங்கள் சாப்பிட வரும் நேரத்தில் உங்களுக்கும் கேட்டுக்கும் நடுவில் அவள் இருந்தாள். நீங்களும் பார்த்தீர்கள், செருப்பைப் போட்டுக்கொண்டு பட்டறைக்குப் போனீர்கள். பாஸ்போர்ட் வந்தது. அதற்குள் எல்லாம் முடிந்திருந்தது.

பிறகு தை மாதம். ஜல்லிக்கட்டுக்குக் கட்டிய தடுப்புகளைத் தெருவில் பிரித்துக்கொண்டிருந்தார்கள். பொங்கல் விடுமுறை முடிந்து பட்டறையைத் திறந்த அன்றே மாரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தீர்கள், எழுந்திருக்கவில்லை. நமக்குள் பேச்சு வார்த்தை இல்லாமலே போய்ச் சேர்ந்தீர்கள். அதையும் உங்கள் வசதிப்படியே செய்துகொண்டீர்கள் என்றுதான் எனக்குத் தோன்றியது.

துக்க வீட்டில் ஒருவர் வந்தார். உங்களிடம் பம்புக்குச் சாமான் கடைந்து வாங்குகிறவர். என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். அப்பா உன்னைப் பற்றி எவ்வளவு பெருமையாகப் பேசுவார் தெரியுமா என்றார். என்ன பேசுவார் என்று கேட்டேன். ஜெர்மனிக்காரன் எம்மகளக் கூப்பிட்டான், நாந்தேன் விடல என்று சொல்வீர்களாம். கூப்பிட்டதும் உங்களுக்குப் பெருமை, விடாததும் உங்களுக்குப் பெருமை. இரண்டையும் ஒரே மூச்சில் சொல்லி டீ குடித்திருக்கிறீர்கள். உங்களைக் குளிப்பாட்டி மாலை போட்டு நடுவீட்டில் கிடத்தியிருந்தார்கள். அப்போது உங்களை எழுப்பி உட்கார வைத்துச் சண்டை போட வேண்டும் என்று எனக்கு வந்த வெறியை நான் யாரிடமும் சொல்லவில்லை.

ஆண் பிள்ளை இல்லாத வீடு என்பதால் சித்தப்பா கொள்ளி வைத்தார். உங்கள் தம்பி, பேரையூரில் மக்காச்சோளமும் பருத்தியும் போடுகிறவர். உங்களுக்கு அடுத்து எனக்கு அவர்தான் என்று எல்லோரும் முடிவு செய்தார்கள். யாரும் என்னைக் கேட்கவில்லை.

வெயில் காலத்தில் அதே பேராசிரியரிடமிருந்து மறுபடி கடிதம் வந்தது. இப்போது உன்னிடம் பாஸ்போர்ட் இருக்கிறதா என்று கேட்டிருந்தார். இருக்கிறது என்று எழுதிவிட்டு ஒரு நாள் முழுக்கத் தனியாகச் சிரித்துக்கொண்டிருந்தேன். சென்னைக்குப் போய் விசாவுக்குக் கொடுத்து வந்தேன். வறுத்தெடுக்கும் மதுரையில் கம்பளி உடை தேடிக் கடை கடையாக அலைந்து, கடைசியில் கொடைக்கானலில் இருக்கும் தோழி வாங்கி அனுப்பினாள். எல்லாம் கூடி வந்த நேரத்தில் சித்தப்பா வந்து உட்கார்ந்தார். தலைத்திவசம் முடியவில்லையே என்றார். ஆள் போய் ஓராண்டு கழித்துக் கொடுக்கும் முதல் திதி அது. வருசம் திரும்பாமல் இந்த வீட்டுப் பிள்ளை கடல் தாண்டக் கூடாது என்றார். சாமி கும்பிடவே கூடாத வருசத்தில் பிரயாணமா என்றார். மீறினால் பெரிய உயிராக இன்னொன்று போகும் என்று அம்மாவைப் பார்த்தபடியே சொன்னார்.

தையில்தான் வருசம் திரும்பும். நான் ஐப்பசிக்கு முன்னால் அங்கே இருக்க வேண்டும். அதைத் தாண்டினால் இந்தத் தடவையும் இடம் வேறு ஆளுக்குத்தான்.

அப்பா, அந்த நிமிடம் நான் உங்களை வெறுத்த மாதிரி எப்போதும் வெறுத்ததில்லை. உயிரோடு இருந்தபோது கேட்டில் நின்று தடுத்தீர்கள். இப்போது காலண்டரில் நின்றுகொண்டீர்கள். சித்தப்பாவைப் போடா என்று சொல்லிவிட்டுக் கிளம்பியிருப்பேன். ஆனால் நான் ஏறிப் போன பிறகு இங்கே இருக்கப்போகிறவள் அம்மா. நல்லது கெட்டதுக்கு ஒருத்தரும் அவளைக் கூப்பிட மாட்டார்கள். அவளுக்குத் தலைவலி வந்தால்கூட மகள் போன பாவம் என்பார்கள். அதை நினைத்து இரண்டு நாள் பெட்டியைத் தொடவில்லை.

அந்த வாரமே உங்கள் தங்கச்சி, அத்தை, ஒரு வழியோடு வந்தார். நீங்கள் உயிரோடு இருந்தபோது தன் மகனுக்கு என்னைத் தருவதாக வாக்குக் கொடுத்தீர்களாமே? எனக்கு அன்றுதான் தெரியும். ஆவணியில் கல்யாணத்தை வைத்துக்கொள்ளலாம் என்றார். வருசம் திரும்பவில்லையே என்று அம்மா மெதுவாகக் கேட்டாள்.

அதற்கென்ன மதினி, கல்யாணம் என்றால் வருசத்தை முன்னுக்கு இழுத்துக்கொள்ளலாம், திருப்புவனத்தில் தலைத்திவசத்தை இப்போதே கொடுத்துவிட்டால் வருசம் முடிந்த கணக்கு, எல்லாரும் செய்கிறதுதான் என்றார் அத்தை. சித்தப்பா யோசிக்கவே இல்லை. ஆமாம், செய்யலாம், நானே வந்து கொடுக்கிறேன் என்று உடனே தலையாட்டினார். கல்யாணம் முடிந்த கையோடு மாப்பிள்ளை சம்மதித்தால் வெளிநாடு என்ன வெளிநாடு, பாப்பம் என்றார். உங்கள் தம்பி என்று அந்த ஒரு வார்த்தையிலேயே அடையாளம் சொல்லலாம்.

நான் அடுப்படியில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தேன். கையில் கரண்டி இருந்தது, அதோடு வெளியே போயிருந்தால் என்ன பேசியிருப்பேனோ தெரியாது. அதற்குள் அம்மா குரல் கேட்டது. அது உங்களிடம் அவள் பேசிய குரல் இல்லை.

"கல்யாணத்துக்கு இழுக்க முடியிற வருசத்த, படிப்புக்கு இழுத்தா மட்டும் அந்துருமா தம்பி?"

 சித்தப்பா கோபமாக எழுந்தார். அப்படி என்றால் தான் வந்து திதி கொடுக்க முடியாது, கொள்ளி வைத்தவன் வராமல் யார் கொடுப்பது என்று பார்ப்போம் என்றார். அத்தையும் முந்தானையை உதறிக்கொண்டு எழுந்தார். அம்மா அவர்களை உட்காரச் சொல்லவில்லை.

"அவரு பெத்தது ஒண்ணுதான. அது குடுக்கும்" என்றாள்.

என்னைக் கேட்காமல் என் தலையில் கட்டப்பட்ட அடுத்த வேலை இது. அவர்கள் போன பிறகு அம்மாவிடம் எகிறினேன். அந்த ஆளுக்கா, நானா, எள்ளும் தண்ணியுமா என்று கத்தினேன். அம்மா அசையவில்லை. உனக்கு அவரோடு சண்டை, எனக்குத் தெரியும், போட்டுக்கொள், ஆனால் போக வேண்டுமா வேண்டாமா என்று மட்டும் கேட்டாள். போக வேண்டும் என்றேன். அப்படியானால் புதன்கிழமை விரதம் என்றாள்.

திருப்புவனத்துக்கு நாங்கள் இரண்டு பேர் மட்டும் பஸ்ஸில் போனோம். வைகையில் தண்ணீர் ஒரு ஓரமாகக் கணுக்காலுக்கு ஓடியது. ஐயர் எங்கள் பின்னால் ஆம்பளை யாராவது வருகிறார்களா என்று எட்டிப் பார்த்தார். வரவில்லை என்றாள் அம்மா. கொள்ளி வைத்தவர் என்று இழுத்தார். அவரும் வரவில்லை என்றாள். இந்தப் பெண் கொடுத்துவிட்டு வெளிநாட்டுக்குப் படிக்கப் போகிறாள், நேரமாகிறது என்றாள். அவர் என்னைப் பார்த்தார். பெற்ற பிள்ளை கொடுத்தால் வாங்கிக்கொள்ள மாட்டாரா என்ன, உட்காரம்மா என்று தர்ப்பை மோதிரத்தை விரலில் மாட்டினார்.

அப்பா பெயரைச் சொல்லச் சொன்னார். சொன்னேன். நான் உங்கள் பெயரை வாய்விட்டுச் சொல்லி ஒரு வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது. தாத்தா பெயரைச் சொன்னேன். தாத்தாவின் அப்பா பெயர் கேட்டபோது முழித்தேன். அம்மாவுக்கும் தெரியவில்லை. சித்தப்பாவுக்கு மட்டுமே தெரியும், அவர் போனை எடுக்க மாட்டார். ஐயர் அலட்டிக்கொள்ளவில்லை. உங்கப்பா வீட்டுக்கு மூத்தவரா என்று கேட்டார். ஆமாம் என்றேன். அப்படியானால் தாத்தா பெயரைத்தான் பேரனுக்கு வைத்திருப்பார்கள், அப்பா பெயரையே இன்னொரு தடவை சொல்லு என்றார். ஒரு தடவை சொல்வதே எனக்குப் பாரமாக இருந்தது. உங்களை இரண்டு தடவை கூப்பிட வைத்தீர்கள்.

பச்சரிசிச் சோற்றில் எள் கலந்து உருண்டை பிடித்தேன். நீங்கள் சாந்தி அடைய வேண்டும் என்று நினைத்துக்கொண்டு தண்ணீர் விடச் சொன்னார். நான் அப்படி நினைக்கவில்லை. என் வருசம் திரும்பட்டும், என் வழியை விடுங்கள் என்று நினைத்துக்கொண்டுதான் விட்டேன். ஆற்றில் கரைத்துவிட்டு எழுந்தபோது அம்மா கரையில் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். எனக்குக் கண் நனையவில்லை. பெரிய பாரம் இறங்கிய மாதிரிதான் இருந்தது. முடிந்தது, இனி உங்களுக்கும் எனக்கும் ஒன்றுமில்லை, விமானத்தில் ஏற வேண்டியதுதான் பாக்கி என்று மோதிரத்தைக் கழற்றினேன்.

அப்போது ஐயர் தாம்பாளத்தைக் கழுவிக்கொண்டே சாதாரணமாகச் சொன்னார்.

"நீ எடுத்துச் செஞ்சுட்டம்மா. இனிமே வருசா வருசம் நீதான் குடுக்கணும், எந்த ஊர்ல இருந்தாலும். ஆரம்பிச்சவா விடப்படாது."

 அம்மாவைத் திரும்பிப் பார்த்தேன். அவளுக்கு இது முன்பே தெரிந்திருக்கிறது. முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, வா பஸ் வந்துரும் என்றாள். எத்தனை பேரை ஏமாற்றியிருக்கிறாள் பாருங்கள், உங்களோடு குடும்பம் நடத்தியவள் அல்லவா.

ஆக, உங்களிடமிருந்து தப்பிப்பதற்காக உட்கார்ந்த இடத்தில், ஆயுசுக்கும் உங்களை வாங்கிக்கொண்டு எழுந்திருக்கிறேன். உங்கள் தம்பி வரமாட்டார். அத்தை மகன் வரமாட்டான். கேட்டால் என்ன சொல்வது என்று பயந்தீர்களே, அந்த நாலு பேரில் ஒருவரும் வரமாட்டார்கள். அடுத்த தையில் நான் இருக்கப்போகிற ஊரில் ஆறு உறைந்து கிடக்குமாம். குழாய்த் தண்ணீரும் இங்கிருந்து எடுத்துப் போகும் எள்ளும்தான் உங்களுக்குக் கிடைக்கும். சுங்கத்தில் எள்ளை விடுவார்களா என்றுகூடத் தேடிப் பார்த்துவிட்டேன்.

பசியோடு உங்களை நிற்க வைக்க மாட்டேன். அந்த நாளில் வாருங்கள். ஜன்னலோரம் இலை போட்டு, சுடச் சுடச் சோறு வைக்கிறேன். சாப்பிட்டுவிட்டுப் போங்கள். பேச மட்டும் மாட்டேன்.